மையவாடியும் முப்பத்திரண்டு சதவீதமும்

1

எங்கள் தெருவில் இருபத்தேழு வீடுகள். வீட்டுக்கு நான்கு குப்பைத் தொட்டிகள்: சாம்பல், நீலம், பச்சை, உணவுக் கழிவுக்கு மூடி போட்ட சின்னது ஒன்று. ஆக நூற்றெட்டுத் தொட்டிகள். சென்ற செவ்வாய்க்கிழமை நூற்றேழின் குப்பையைக் கொண்டுபோனார்கள். ஒன்றை விட்டுவிட்டார்கள். அது என்னுடையது.

நீலத் தொட்டியின் கைப்பிடியில் சிவப்பு அட்டையொன்று தொங்கியது. உள்ளே நான் போட்ட தயிர்க் கோப்பை கழுவப்படவில்லையாம். மாநகர சபைக்குத் தொலைபேசி எடுத்தேன். பதிவுசெய்த குரல் ஆறு தெரிவுகளைச் சொன்னது. ஆறிலும் தயிர் இல்லை. கடைசியில் ஒரு பெண் வந்தாள். "இது அசுத்தம் அல்ல, தயிர்" என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் எழுதிய ஆங்கிலம். அவள் என்னை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னாள். பிறகு, வீட்டில் வேறு யாராவது பேசக்கூடியவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டாள்.

இருந்தாள். என் மகள் பரீனா. தொலைபேசியை வாங்கிச் சிரித்துப் பேசி, மன்னிப்பும் கேட்டு வைத்தாள். அவளுக்குக் காபன் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் கம்பனியொன்றில் வேலை. எந்தக் கம்பனி எவ்வளவு புகை விடுகிறது, அதற்கு ஈடாக எங்கே எத்தனை மரத்தைக் காட்டலாம் என்று சொல்வதுதான் தொழில்.

"வாப்பா, கழுவிப் போடுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லியிருக்கிறன். எல்லாரும் தங்கட பங்கைச் செய்தால்தான் உலகம் தப்பும்."

அவள் இதைச் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் கூரைக்கு மேலால் மூன்று விமானங்கள் இறங்கின. நாங்கள் இருப்பது லண்டனின் பெரிய விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஸ்லௌ என்ற ஊரில். அந்த விமானங்களில் யாரும் சிவப்பு அட்டை தொங்கவிட்டதை நான் பார்த்ததில்லை. அதைச் சொன்னேன்.

"அது வேற கதை வாப்பா."

எல்லாம் வேறு கதைதான். கழுவாத கோப்பை மட்டும்தான் என் கதை.

அன்று பகல் என் தங்கை ஜெமீலாவின் குரல் வட்ஸ்அப்பில் வந்தது. அவளுக்கு எழுபது வயது. விதவை. மன்னார் மாவட்டத்தின் தெற்கு மூலையில், மறிச்சுக்கட்டியில், எங்கள் வாப்பாவின் வளவில் உள்ள வீட்டில் தனியாக இருக்கிறாள்.

"நானா, காலையில காட்டுக் கந்தோர் மாத்தயாமார் வந்தாங்க. வீட்டு முத்தத்தில ஒரு கல்லை நட்டு, சிவப்பு மையால நம்பரும் போட்டுட்டுப் போறாங்க. கல்லுக்கு அங்கால எல்லாம் அரசாங்கக் காடாம். வீடு அங்கால. கிணறு அங்கால. றோட்டுப் பக்கம் நிக்கிற கோழிக்கூடு மட்டும் எனக்காம். நான் என்ன, கோழியோட போய்ப் படுக்கிறதா? கோழி சம்மதிக்குமா எண்டும் தெரியா."

இந்த இதழின் ஆசிரியர் என்னிடம் கேட்டது முதல் பனியைப் பற்றி. வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவன் பனியைப் பற்றித்தான் எழுதவேண்டும் என்று ஊரில் யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள். பனி வெள்ளையாக இருக்கும், வழுக்கும். முடிந்தது. நான் அந்தக் கல்லைப் பற்றி எழுதுகிறேன்.

2

வீட்டுக்குள் காடு எப்படி வந்தது என்று கேட்பீர்கள்.

தொண்ணூறாம் ஆண்டில் ஆயுதத்தோடு வந்தவர்கள் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டிக்காரர் கடலால் போனார்கள். எங்கள் பக்கத்துச் சனம் காட்டுப் பாதையால் புத்தளத்துக்கு நடந்தது. உம்மா அதற்கு முன்பே மௌத்தாகி ஊரிலேயே அடக்கமாகிவிட்டா. அது அவவின் அதிர்ஷ்டம். ஊர் இரண்டு தசாப்தங்களுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தது. ஆளில்லாத நிலத்தில் மரம் முளைக்கும். இதற்கு விஞ்ஞானி தேவையில்லை.

யுத்தம் முடிந்து சனம் திரும்பியபோது, முளைத்ததையெல்லாம் வானத்திலிருந்து படம் பிடித்துக் காடு என்று எழுதிவைத்திருந்தார்கள். நான் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவன். வரைபடத்தில் காட்டை உண்டாக்குவது எவ்வளவு லேசு என்று எனக்குத் தெரியும். பச்சை மையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் ஓர் இழுப்பு இழுத்தால் போதும். அதற்குள் யாருடைய கிணறு இருக்கிறது என்பது தூரிகைக்குத் தெரியாது.

இதற்கு மேலே ஒரு பெரிய காரியமும் இருக்கிறது. எங்கள் நாடு உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. காடுகளை நாட்டின் பரப்பில் முப்பத்திரண்டு சதவீதமாக உயர்த்துவோம் என்பது அதில் ஒன்று. தேசியக் காலநிலைக் கொள்கை என்று மூன்று மொழியிலும் வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பிரதியை நான் வாசித்தேன். 'பங்குதாரர்' என்ற சொல்லை நாற்பத்தொன்று வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். பங்கு என்ன என்று ஓரிடத்திலும் இல்லை.

சூடு கூடுகிறது என்பது பொய் என்று சொல்ல வரவில்லை. எங்கள் முசலிப் பக்கம் மழை வரவேண்டிய மாதத்தில் வருவதில்லை, வந்தால் வெள்ளமாக வருகிறது, கிணறுகள் உவர்க்கின்றன என்று ஜெமீலா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் வாழ்நாளில் ஒரு விமானத்தில் ஏறியதில்லை. வீட்டில் இரண்டு மின்குமிழ், ஒரு விசிறி. புகை விட்டவன் இங்கே, என் கூரைக்கு மேலே. தன் காட்டையெல்லாம் வெட்டிக் கப்பலும் ரயில் பாதையும் செய்து முடித்தவன், இப்போது மற்றவனின் காட்டை எண்ணுகிறான். வாக்குக் கொடுத்தவர்கள் கொழும்பில், வாங்கிக்கொண்டவர்கள் ஐரோப்பாவில், கொடுக்கப்பட்டது என் தங்கையின் குசினி.

3

அந்த மாதமே கொழும்பிலிருந்து ஒரு தூதுக்குழு லண்டனுக்கு வந்தது. காலநிலைக் கொள்கையை வெளிநாட்டில் வாழும் இலங்கையருக்கு விளக்கும் கூட்டம். பரீனாவுக்கு அவளுடைய வேலையிடத்தால் அழைப்பு வந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

"வாப்பா, கேள்வி கேக்கிறதெண்டா ஒண்டே ஒண்டு. மரியாதையாக் கேக்கவேணும்."

"ஒண்டுதான் இருக்கு."

மண்டபத்தில் இருநூறு கதிரைகள். நிரம்பியது அறுபத்துமூன்று. அதில் ஒன்பது பேர் தூதுக்குழு. ஒன்பது பேருக்கும் சட்டையில் சிங்கக் கொடி ஊசி. ஒவ்வொரு கதிரையிலும் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல், இருநூறு. பின்னால் மேசையில் பற்றிஸும் ரோல்ஸும். மண்டபத்தைக் குளிராக வைத்திருந்தார்கள், சூட்டைப் பற்றிப் பேசுவதற்காக.

ஒரு மணித்தியாலம் படம் காட்டினார்கள். முதலில் மின்சாரக் காற்றாடிகள் வந்தன, மன்னார்த் தீவின் தென்கரையில் வரிசையாக நிற்பவை. பிறகு கடற்கரையில் மரம் நடும் பாடசாலைப் பிள்ளைகள். பிறகு எங்கள் பக்கம்.

வானத்திலிருந்து எடுத்த படம். எந்த இடம் என்று எனக்கு எழுதிக் காட்டவேண்டியிருக்கவில்லை. மோதரகம் ஆறு கடலுக்கு வருமுன் எடுக்கும் வளைவை நான் கையால் எத்தனையோ தரம் வரைந்திருக்கிறேன். வளைவுக்கு வடக்கே இளம்பச்சை. அதன் நடுவில் கடும்பச்சையாக ஒரு திட்டு, சவர்க்காரக் கட்டி வடிவத்தில்.

பேசிக்கொண்டிருந்தவர் சிவப்பு ஒளிப்புள்ளியை அந்தத் திட்டில் வைத்தார். நாற்பது வயதிருக்கும் தமிழ் அதிகாரி. "முப்பது வருடமாக மனிதக் கை படாமல், தானாகவே மீண்டெழுந்த காடு இது. இந்தப் பகுதியிலேயே மிக அடர்த்தியானது. எங்களுடைய வாக்குறுதியை இயற்கையே எங்களுக்காக நிறைவேற்றித் தருகிறது" என்றார். சிலர் கை தட்டினார்கள்.

கேள்வி நேரம் வந்ததும் எழுந்தேன். முழங்கால் வலியால் கொஞ்சம் சுணங்கியது. அதற்குள் பரீனா என் கோட்டைப் பிடித்துவிட்டாள்.

"தம்பி, அந்தக் கடும்பச்சைக்குள்ள என்ன மரம் நிக்குதெண்டு தெரியுமா?"

"உலர் வலயத்து மரங்கள் ஐயா. பாலை, வீரை, முதிரை..."

"பூவரசு. எல்லாம் பூவரசு. பூவரசு காட்டில தானா முளைச்சுக் கூட்டமா நிக்கிற மரமில்லை. அது எங்கட மையவாடி. எங்கட உம்மா அதுக்குள்ளதான் கிடக்கிறா."

இந்த வழக்கத்தை அறியாத வாசகர்களுக்கும் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் மையத்தை, அதாவது இறந்தவரின் உடலை, அடக்கியதும், கபுறுக் குழியின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசான் கல் என்ற அடையாளக் கல் வைப்போம். கல்லில் பெயர் எழுதுவதில்லை, மேலே கட்டுவதில்லை. தலைமாட்டில் ஒரு பச்சைக் கொப்பு ஊன்றுவோம். அது பச்சையாக நிற்கும்வரை உள்ளே இருப்பவருக்காக இறைவனைத் துதித்துக்கொண்டிருக்கும் என்பது நம்பிக்கை. மற்ற ஊர்களில் ஏதோ ஒரு செடியை வைப்பார்கள். எங்கள் ஊரில் பூவரசங்கொப்பு. குத்திய இடத்தில் வேர் பிடிக்கும். வேர் பிடித்த கொப்பில் யாரும் கை வைப்பதில்லை.

அதிகாரி சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"அப்படியெண்டா இன்னும் நல்லது ஐயா. உங்கட மூதாதையரும் காபனைச் சேமிக்கிறதில எங்களுக்கு உதவி செய்யிறாங்க."

இந்த முறை நன்றாகவே கை தட்டினார்கள். பரீனா தட்டவில்லை. ஆனால் என் கோட்டை விடவும் இல்லை.

4

ரோல்ஸ் மேசைக்குப் பக்கத்தில் அதே அதிகாரி என்னைத் தேடி வந்தார். தட்டோடு வந்தார். எனக்கும் ஒன்று எடுத்து நீட்டினார்.

"ஐயா, குறை நினையாதேங்கோ. மேடையில அப்பிடித்தான் சொல்லவேணும். உங்கட ஆக்கள் ஆரும் அங்க இருக்கினமோ?"

ஜெமீலாவைப் பற்றிச் சொன்னேன். எங்கள் வளவுக்குப் பின்வேலிதான் மையவாடியின் எல்லை. மையவாடி காடு என்றானதும், காட்டின் ஓரத்தை நேர்க்கோடாக்க வளவையும் உள்ளே இழுத்துவிட்டார்கள். கோட்டை நேராக்குவது படம் வரைகிறவனின் வியாதி. அதுவும் எனக்குத் தெரியும்.

"அப்ப வழி இருக்கு" என்றார். "அது மையவாடிதான் எண்டு காட்டினால், அந்தத் துண்டையும் அதோட ஒட்டின வளவையும் விலக்கக் கேக்கலாம். ஒரு மாத்தயா வந்து பாப்பார். அவருக்குக் கபுறு கண்ணுக்குத் தெரியவேணும்."

"முப்பது வருச முள்ளுப் பத்தை. கல்லெல்லாம் அடியில கிடக்கு. பத்தையை வெட்டினால்தானே தெரியும்?"

"வெட்டக் கூடாது ஐயா. காட்டுக்குள்ள கத்தி வைச்சால் வழக்கு."

"வெட்ட அனுமதி தருவினமோ?"

"காடில்லாத இடமெண்டால் தருவினம்."

"காடில்லையெண்டு காட்டத்தான் வெட்டவேணும்."

அவர் ரோல்ஸைக் கடித்தார். "ஓம். அதில ஒரு சிக்கல் இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வரும் ரயிலில் பரீனா நான்கு நிலையங்கள்வரை கைத்தொலைபேசியில் எதையோ கணக்குப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஆனாலும் வாப்பா, காடு காடுதானே. ஆர் நட்டாலும் மரம் மூச்சு விடுகுதுதானே."

"உன்ர மாமியும் மூச்சு விடுகிறா."

"மாமிக்கு வேற வீடு குடுப்பாங்கதானே?"

அவள் மறிச்சுக்கட்டியில் பிறந்தவள் இல்லை. புத்தளத்து அகதி முகாமில் பிறந்தாள், ஆறு வயதில் இங்கே வந்தாள். வேறு வீடு கொடுப்பார்கள் என்று நினைக்கும் ஒரு நாட்டில் வளர்ந்துவிட்டாள். அவளுடன் சண்டை பிடிப்பதில் பிரயோசனமில்லை என்று தெரிந்தும் ஸ்லௌ வரும்வரை பிடித்தேன்.

5

ஜெமீலாவைத் தொலைபேசியில் பிடித்தபோது அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வெட்டு" என்றேன்.

"அதைத்தானே செய்யிறன்."

"மீனை இல்லை. மையவாடியை. ரெண்டு ஆளைப் பிடி. விலக்கச் சொல்லி மனுப் போட்டால் மாத்தயா பாக்க வருவார், அதுக்கு முந்தி உம்மாட கபுறடியையாவது திற. கல்லுத் தெரியட்டும். வழக்கு வந்தால் வரட்டும், காசு நான் அனுப்பிறன்."

கத்தியின் சத்தம் நின்றது.

"நானா, உங்களுக்கு அங்க குளிர் தலைக்கேறிட்டுதா?"

"வளவு போகப்போகுது ஜெமீலா."

"தெரியும். வளவில இருக்கிறது நான். உம்மாட தலைமாட்டுப் பூவரசை நட்டது ஆரு? நீங்க. நீங்கதான் கொப்பு முறிச்சுக்கொண்டு வந்தது. இப்ப நீங்களே வெட்டச் சொல்றீங்க."

"பூவரசை விடு. கீழ நிக்கிற பத்தையை வெட்டு."

"பத்தைக்கு வேற வேரா? ஊர் திரும்பி வரேக்க எல்லாரும் தங்கட தங்கட வளவைத்தான் வெட்டித் துப்புரவாக்கினாங்க. மையவாடியில ஒருத்தரும் ஒரு இலை கிள்ளேல்ல. கபுறுக்கு மேல நிக்கிற பச்சையில கைவைக்கக் கூடாதெண்டு பள்ளிவாசல்ல வைச்சுச் சொல்லித்தான் விட்டாங்க."

அதுதான் விஷயம். ஊரில் எல்லாத் துண்டையும் வெட்டினார்கள், அவை இளம்பச்சையாகின. மரியாதைக்காக ஒன்றை மட்டும் விட்டார்கள், அது கடும்பச்சையாகிற்று. கொஞ்சம் மரியாதை குறைந்த சனமாக இருந்திருந்தால் இன்றைக்கு அந்தக் கல் அவள் முற்றத்தில் நின்றிருக்காது. இதை அவளுக்குச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். பிடிவாதக்காரி என்றேன். மூளை இல்லை என்றும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"சரி நானா, கத்தி முடிஞ்சுதா? மீன் காயுது" என்று வைத்துவிட்டாள்.

6

மனுவுக்கு மாத்தயா வந்து பார்த்த கதையை, சில கிழமை கழித்து ஓரிரவு அவளே எடுத்துச் சொன்னாள். இளம் ஆள், சிங்களவர், நல்ல பிள்ளை, தமிழ் கொஞ்சம் வரும் என்றாள். அவளுக்கு எல்லோரும் நல்ல பிள்ளைகள். அதுவும் எனக்கு எரிச்சல்.

"பள்ளிவாசல் தலைவரும் நானும் கூட்டிக்கொண்டு போனம். முள்ளு. அந்தப் பிள்ளையிட கால்சட்டை கிழிஞ்சு போச்சு. ஊசி நூல் குடுத்தன் பிறகு. உள்ள போய்க் குனிஞ்சு பாத்தால், கல்லு தெரியுது நானா. பத்தைக்குக் கீழ ரெண்டு ரெண்டாத் தெரியுது. ஒண்டையும் வெட்டேல்ல. தவழ்ந்து போனம். மாத்தயாவும் தவழ்ந்தார்."

"ஏற்றுக்கொண்டாரா?"

"ஏற்றுக்கொண்டார். தொப்பியைக் கழட்டினார். உம்மாட கபுறடியில வைச்சு, 'ஓம் அம்மே, இது கபுறுதான்' எண்டார். படமும் எடுத்தார்."

எழுபத்தெட்டு வயதில் நான் கதிரையிலிருந்து எழுந்து நின்றேன். பரீனா குசினியிலிருந்து ஓடி வந்தாள், எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று. தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அப்ப வளவு?"

"கேளுங்க. மேல கேட்டுட்டு ரெண்டு கிழமையால முடிவு சொல்லுறன் எண்டு போனவர், இண்டைக்குத்தான் எடுத்தார். மையவாடி காட்டுக்குள்ளயே மையவாடியா இருக்கலாமாம். ஊரில ஆரும் மௌத்தானால் அங்கயே அடக்கலாமாம். அதுக்குத் தடையில்லையாம். மரம் வெட்டாமல் குழி வெட்டினால் சரியாம். மையத்தால காட்டுக்குச் சேதமில்லையாம்."

"வீடு?"

"வீடு வேற விசயமாம். ஆள் இருந்தால் அடுப்பு எரியும், விறகு எடுக்கும், மாடு வரும், பிறகு பக்கத்தில இன்னொரு வீடு வருமாம். சதவீதத்தில எழுதினது எழுதினதுதானாம். மையவாடியை அப்பிடியே விட்டால் காடு குறையாது, வீட்டை அப்பிடியே விட்டால் குறையுமாம். அதனால எழும்பட்டுமாம். அந்தப் பிள்ளைக்குச் சொல்லவே வெக்கமாப் போச்சு, நானா."

பரீனா தொலைபேசிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காபன் கணக்குப் படித்தவள். எந்தக் காகிதத்தில் இதை எப்படி எழுதுவார்கள் என்று அவளுக்கு என்னைவிடத் தெரியும். மரம் நிற்கிறது, கூட்டலில் வருகிறது. கீழே கிடப்பவர்கள் அடுப்பு மூட்டுவதில்லை, கழித்தலில் வருவதில்லை. என்னைப் பார்த்தாள்.

"மாமி" என்றாள் பரீனா. அவளுடைய தமிழ் அந்த நேரத்தில் கொஞ்சம் தடுமாறியது. "மாமி, இது பிழை. நான் எழுதுறன். எங்கட வேலையில உள்ளவங்களுக்கும் எழுதுறன். நீங்க இப்ப புத்தளத்துக்குப் போய் இருங்கோ. முடிவு வரும்வரைக்கும். நாங்க வாடகை அனுப்புறம்."

மறுபக்கத்தில் ஜெமீலா சிரித்தாள்.

"எழுது மகள், எழுது. நல்லா எழுது. ஆனால் புத்தளம் வேணாம். ஒருக்கா எழும்பிப் போ எண்டாங்க, போனனாங்கள். ரெண்டாந்தரம் இந்த வீட்டில இருந்து நான் எழும்புறதெண்டால் பின்வேலிக்கு அங்கால மட்டும்தான். அதுக்கு இப்ப அனுமதியும் இருக்கு."